மேல்தட்டு

டிப்போவில் அதற்குக் கோபுரம் என்று பெயர்.
மாரிகாலத்து விடியலில் ஸ்டார்ட் வராவிட்டால்
வேறு பெயர்களும் இருந்தன.

லண்டனில் ஓடிக் களைத்துக்
கப்பலில் வந்திறங்கிய சாமான்.
போகுமிடம் எழுதிய துணிச்சுருளை
ஒரு சுற்றுக் கூடச் சுற்றினால்
காங்கேசன்துறைக்கு அடுத்ததாக
ஒருவருக்கும் தெரியாத ஓர் ஊர் வரும்.
"அங்கை போக டீசல் காணாது"
என்பார் டிரைவர் சூசைதாசன்.

நான் மேல்தட்டுக் கொண்டக்டர். நாலு வருசம்.

எங்கள் பக்கத்தில் வேலிதான்
வீட்டின் முதற் சுவர்.
கிடுகு ஒரு வரி, அதன்மேல் பனையோலை ஒரு வரி,
அதற்கும் மேலே கௌரவம்.
சைக்கிளில் போகிறவனுக்கு அது போதும்.
கோபுரத்துக்குப் போதவில்லை.

பாயில் காய்கிற ஒடியல் தெரியும்.
கோடிப்புறத்தில் ஒளித்துநின்று
பீடி பத்துகிற வாத்தியார் தெரிவார்.
வழக்கு நடக்கிற வளவொன்றில்
எல்லைப் பலாமரம்
இரண்டு பக்கமும் காய்த்துக்கொண்டு நிற்கும்.
கிணத்தடி வருகிற இடங்கள் எனக்குப் பாடம்.
அந்த இடங்களில் நான்
மிச்சக்காசு எண்ணுவேன்.

இணுவில் அம்பிகைபாகர் வீட்டிலிருந்து
டிப்போவுக்கு மூன்று பெட்டிசம் வந்தது.
மேற்படி வாகனம் எமது வளவின் மானத்தை
நாளொன்றுக்கு எட்டுத்தரம் எட்டிப்பார்ப்பதாக.
கையெழுத்து அவருடையது.
சொல் அவருடைய மனிசி தையல்முத்துவினது என்று
ஊரே சொன்னது, ஏனென்றால்
தபால் கந்தோரில் இருபது வருசம் இருந்தும்
அந்த மனுசன்ரை குரல்
முத்திரை வாங்கியவருக்கும் தெரியாது.

கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை.
உதிரிப்பாகம் இல்லை என்று கொழும்பிலிருந்து கடிதம்.
மாலை ஒன்றும் போடவில்லை.
மெக்கானிக் நல்லலிங்கம் பழக்கதோசத்தில்
டயருக்கடியில் தேசிக்காய் வைத்தார்,
பிறகு யோசித்து
எடுத்துப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார்.

திரும்பி வருகையில் மல்லாகத்தில் ரேடியேற்றர் கொதித்தது.
பதினேழு நிமிடம் பிந்தி
மருதனார்மடத்தில் நின்றோம்.
சந்தைப் பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க
தையல்முத்து ஏறினார்.
கீழே இடமிருந்தது.
படியில் ஒவ்வொரு காலாக வைத்து
மேலே வந்து
முன்சீற்றில் இருந்தார்.
"தாவடிக்கு ஒண்டு."
வீட்டைத் தாண்டி ஒரு தரிப்பு.
நான் கேட்கவில்லை. கிழித்துக் கொடுத்தேன்.

இணுவிலில் முன்னால் ஒரு மாட்டுவண்டி,
புகையிலைச் சிப்பம்.
வேப்பங்கொப்பு கண்ணாடியில் உரஞ்ச
கோபுரம் நடையாய் ஊர்ந்தது.

உயர்த்திய வேலிக்கு அந்தப் பக்கம்
சாறத்தை மடித்துக் கட்டி
அகப்பையை வாளாய்ப் பிடித்து
அம்பிகைபாகர் கூத்தாடிக்கொண்டிருந்தார்.
ஒரு எட்டு, ஒரு சுழற்சி,
குனிந்து நிமிர்ந்து மறு எட்டு.
வாய் அகலத் திறந்திருந்தது.
எஞ்சின் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை.
எதிரே கட்டியிருந்த மறியாடு
அசைபோட்டபடி பார்த்தது.

நாலு வருசத்தில் நான் காணாதது.
எங்கள் நேரம் அவருக்குப் பாடம்,
மனிசி சந்தைக்குப் போகிற நேரமும்.
அந்த மூன்று பெட்டிசமும் யாருடைய சொல் என்று
அப்போதுதான் எனக்கு ஐமிச்சம் வந்தது.

நான் மிச்சக்காசு எண்ணத் தொடங்கினேன்.
எண்ண ஒன்றும் இருக்கவில்லை.
வண்டி விலகியது. பஸ் வேகம் எடுத்தது.

"இவ்வளவு உயரத்திலையும்
ஒண்டும் தெரியேல்லைத் தம்பி"
என்றார், என்னைப் பார்க்காமல்.
"நாளையிலையிருந்து இது வராதாம், மெய்யே?"
"வராது அக்கா."
"நல்லது."

தாவடியில் இறங்கி
வெயிலில் திரும்பி நடந்தார்,
அவசரமில்லாமல்,
ஒருவருக்கு ஆடி முடிக்க
நேரம் கொடுக்கிற நடை.

நான் பிறகு ஒற்றைத் தட்டுக்கு மாறினேன்.
ஜன்னலுக்கு நேரே
கிடுகு, கிடுகு, கிடுகு.

அடுத்த வேலியடைப்பில்
தையல்முத்து நின்று கட்டுவித்து
இன்னும் ஒரு வரி ஏற்றினாராம்.
தட்டு பஸ்தான் இல்லையே,
இனி ஆருக்குப் பயம் என்று
சனம் சிரித்தது.